காயலான் கடைக்குப் போகாத கார்கள்

பழைய கார் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் கூட்டத்தில் ஒருத்தராவது இந்தக் கேள்வியைக் கேட்டுடுவார்: "இத்தனை வருஷமா இதையெல்லாம் யாருங்க தூக்கிப் போடாம வச்சிருந்தது?" பளபளன்னு பித்தளை விளக்கும், சைக்கிள் மாதிரி கம்பிச் சக்கரமுமா நிற்கிற வண்டியைப் பார்த்தால் நமக்கும் அதே சந்தேகம் வரத்தான் செய்யும். நேற்று வாங்கின செல்போனையே அடுத்த வருஷம் மூலையில் போடுகிற ஆட்கள் நாம.

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் 1927ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு கூத்தில் போய் நிற்கும். கூத்துன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். லண்டனில் இருந்து பிரைட்டன் என்கிற கடற்கரை ஊருக்கு, கிட்டத்தட்ட 87 கிலோமீட்டர், ஓட்டை உடைசல் கார்களை எல்லாம் வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். பார்த்தவங்க வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. சிரிக்க வைக்கணும்னுதான் நடத்தினதே. ஆனால் இன்றைக்கு உலகம் பூரா நடக்கிற பழைய கார் ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் ஏறக்குறைய அதுதான் பிள்ளையார் சுழி.

போகிற போக்கில் ஒரு சொல் விளக்கம். நம்ம ஊரில் தாத்தா காலத்துக் கார் என்றாலே 'விண்டேஜ் கார்'தான். பிரிட்டிஷ்காரங்க இதில் ரொம்பக் கறார். 1919ல் இருந்து 1930 வரை செய்ததுதான் அவங்களுக்கு விண்டேஜ். அதுக்கு முந்தினது 'வெட்டரன்'. வெட்டரனிலும் கடைசிப் பகுதியைத் தனியாகப் பிரித்து 'எட்வர்டியன்' என்பாங்க. விண்டேஜ் என்கிற வார்த்தையே ஒயின்காரங்ககிட்ட இருந்து கடன் வாங்கினது, எந்த வருஷத்து திராட்சைன்னு சொல்றதுக்கான சொல். அந்தக் கணக்கில் பார்த்தால் பிரைட்டன் ஓட்டத்தில் ஒரு விண்டேஜ் கார்கூடக் கிடையாது. எல்லாமே அதைவிடக் கிழம்.

1927க்குப் போவதற்கு முன்னாடி 1896ஐப் பார்த்துட்டு வந்திடலாம். ஏன்னா 1927ல் நடந்தது ஒரு நினைவு ஊர்வலம். நினைக்கப்பட்ட சம்பவம் 1896 நவம்பர் 14 அன்று நடந்தது.

இங்கிலாந்தில் 1865ல் ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. குதிரை இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி எதுவானாலும் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள்ளே 2 மைல். அதாவது மனுஷன் நடக்கிற வேகம்கூட இல்லை. அது போதாதுன்னு வண்டிக்கு முன்னால் 60 கஜ தூரத்தில் ஒரு ஆள் சிவப்புக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். சட்டம் போட்டவங்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. 1865ல் பெட்ரோல் கார் ஏது? ரோட்டில் வந்தது எல்லாம் புகை கக்கிக்கொண்டு வரும் ராட்சச நீராவி எஞ்சின்கள். குதிரை மிரளும், பாலம் உடையும். பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் முப்பது வருஷம் கழிச்சு ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் குட்டிக் குட்டிப் பெட்ரோல் வண்டிகள் ஓட ஆரம்பித்த பிறகும் இங்கே அதே சட்டம்தான். 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் 'பறந்தார்'. போலீஸ்காரர் ஒருத்தர் சைக்கிளில் துரத்திப் பிடித்து கோர்ட்டில் நிறுத்த, வேகத்துக்காக 1 ஷில்லிங் அபராதம். காருக்கு வேகக் குற்றம் சாட்டி அபராதம் போட்டது அதுதான் முதல் தடவை என்பார்கள். சைக்கிளில் துரத்திப் பிடித்தார் என்பதைக் கவனிங்க :-)

அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தினாங்க. 3 டன்னுக்குக் கீழே உள்ள வண்டிக்கு முன்னால் யாரும் நடக்க வேண்டாம், வேகம் 14 மைல் வரை போகலாம். அதையும் அதிகாரிகள் 12 மைலாகக் குறைத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. புதுச் சட்டம் அமலுக்கு வந்த நாள்தான் நவம்பர் 14. அன்றைக்கே கொண்டாட்டமாக லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு ஒரு கார் ஊர்வலம் கிளம்பியது. அதுக்கு வைத்த பெயர் 'விடுதலை ஓட்டம்'.

காலையில் ஒரு ஓட்டலில் பலகாரம். அப்போது வின்சில்ஸீ பிரபு எழுந்து ஒரு சிவப்புக் கொடியை எல்லோர் முன்னாலும் டர்ருன்னு கிழித்தார். ஒரே கைதட்டல். இதில் வேடிக்கை என்னன்னா, கொடி பிடிக்கணும் என்கிற கட்டாயம் 1878லேயே சட்டத்தில் இருந்து போயாச்சு. முன்னால் ஒரு ஆள் நடக்கணும் என்பது மட்டும்தான் பாக்கி இருந்தது, அதுவும் 20 கஜ தூரமாகக் குறைஞ்சிருந்தது. பதினெட்டு வருஷம் முன்னால் செத்துப்போன கொடியை எடுத்துக்கிட்டு வந்து கிழிச்சிருக்காங்க. நடந்து போகிற ஆளைக் கிழிக்க முடியாதே, அதனால் கொடி!

இந்த நாடகத்துக்கு இயக்குநர் ஹாரி லாசன். பூர்வாசிரமத்தில் சைக்கிள்காரர். பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் சைக்கிளுக்கு 1879லேயே 'பைசிக்லெட்' என்று பேர் வைத்துக் காப்புரிமை வாங்கினவர். அதனால் மூளை இல்லாத ஆள்னு சொல்ல முடியாது. ஆனால் அந்த மூளை வண்டி செய்வதைவிடப் பங்கு விற்பதில்தான் நன்றாக வேலை செய்தது. கார் சம்பந்தமான காப்புரிமைகள் கண்ணில் பட்டதை எல்லாம் பெரும் பணம் கொடுத்து வாங்கிக் குவித்தார். இங்கிலாந்தில் யார் கார் செய்தாலும் தனக்குக் கப்பம் கட்டணும் என்பது திட்டம். பிரிட்டிஷ் டைம்லர் கம்பெனியை 1896ல் பங்குச் சந்தைக்குக் கொண்டு வந்தது இவர்தான். 'மகா குதிரையில்லா வண்டிக் கம்பெனி' என்கிற மாதிரி பெயரில் இன்னொன்றும் வந்தது. பங்கு வாங்கத் தயங்குகிற ஜனங்களுக்குக் கார் என்று ஒன்று நிஜமாகவே ஓடுகிறது என்று காட்ட வேண்டாமா? அதுக்குத்தான் பிரைட்டன் ஊர்வலம். விடுதலை, முன்னேற்றம் எல்லாம் மேலே பூசின வெல்லப்பாகு.

அன்றைக்கு மழை, குளிர், நவம்பர் மாத மூட்டம். முப்பதுக்கும் மேல் வண்டிகள் கிளம்பியதாகவும் 17 போய்ச் சேர்ந்ததாகவும் வழக்கமாகச் சொல்வாங்க. இந்தக் கணக்கில் எப்போதும் ஒரு தகராறு உண்டு. யார் முதலில் வந்தது என்பதிலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் லியோன் பொலேயின் மூணு சக்கர வண்டிகள்தான்னு ஒரு கட்சி, அமெரிக்க துர்யே வண்டிதான்னு இன்னொரு கட்சி. மின்சார கார் ஒன்று வந்து சேர்ந்தது, அது ரயிலில் ஏறி பிரைட்டனுக்கு வந்து, ஸ்டேஷனில் இறங்கினதும் மேலே சேற்றைப் பூசிக்கொண்டு ஓட்டலுக்குப் போனது என்று ஒரு கதை நூறு வருஷத்துக்கு மேலாகச் சுற்றுகிறது. நிஜமோ பொய்யோ, லாசன் ஏற்பாடு செய்த நிகழ்ச்சிக்குப் பொருத்தமான கதை.

வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். இல்லாட்டி 87 கிலோமீட்டர் என்ன பெரிய தூரம்னு தோணும். பாதி வண்டிகளுக்கு ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது. படகுச் சுக்கான் மாதிரி ஒரு கம்பி. ஸ்பார்க் பிளக் இல்லாத வண்டிகள் நிறைய. அதுக்குப் பதில் பிளாட்டினத்தில் ஒரு குழாய். அதுக்குக் கீழே ஒரு விளக்கைக் கொளுத்தி வச்சுக் குழாயைச் செக்கச்செவேல்னு காய வைக்கணும். அந்தச் சூட்டில்தான் உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவி தீப்பிடிச்சு எஞ்சின் ஓடும். ஒரு பக்கம் பெட்ரோல் டாங்கி, பக்கத்திலேயே எரிகிற விளக்கு. காற்று அடிச்சா விளக்கு அணையும். மழை பெய்தாலும் அணையும். அணையாட்டி சில சமயம் வண்டியே எரியும். எஞ்சினில் இருந்து சக்கரத்துக்கு விசை போனது தோல் பட்டையால். நம்ம ஊர் மாவு மில்லில் ஓடுமே, அதே சங்கதி. நனைஞ்சா வழுக்கும்.

மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளணும். பிரேக்கை நம்ப முடியாது என்பதால் சில வண்டிகளில் பின்பக்கம் ஒரு ஈட்டி மாதிரி கட்டை தொங்கும். வண்டி பின்னால் உருண்டால் அது தரையில் குத்தி நிறுத்தும். மாட்டு வண்டிக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. பொலேயின் மூணு சக்கர வண்டியில் இன்னொரு விசேஷம்: ஓட்டுகிறவர் பின்னால், கூட வருகிறவர் முன்னால். பம்பர் கண்டுபிடிக்காத காலத்தில் நண்பரையே பம்பராக வைத்திருந்தார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டு 17 அன்று, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் கார் ஓட்டிக்காட்டும் ஒரு நிகழ்ச்சியில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்கிற 44 வயதுப் பெண்மணி அடிபட்டு இறந்துபோனார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். நடந்து மூணு மாசம்கூட ஆகவில்லை, இங்கே கொடி கிழிக்கிறார்கள். விடுதலை ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பெயரை அதிகம் சொல்வதில்லை. நான் சொல்லிடறேன்.

லாசன் கதை நல்லபடியாக முடியவில்லை. காப்புரிமைக் கோட்டை சில வருஷத்திலேயே கோர்ட்டில் சரிந்தது. 1904ல் வேறொரு கம்பெனி மோசடியில் ஒரு வருஷம் கடுங்காவல். 1925ல் செத்துப் போனார். அவர் கொடி கட்டிப் பறந்த நாளை நினைத்து ஊர் மறுபடியும் கூடியதைப் பார்க்க இன்னும் ரெண்டு வருஷம் உயிரோடு இருந்திருக்கணும்.

இப்போ 1927க்கு வந்துடலாம்.

'டெய்லி ஸ்கெட்ச்' என்று லண்டனில் ஒரு படப் பத்திரிகை. விடுதலை ஓட்டம் நடந்த அதே பாதையில், அந்தக் காலத்து வண்டிகளையே திரும்ப ஓட்டிப் பார்த்தால் என்ன என்கிற யோசனைக்கு அந்தப் பத்திரிகைதான் பணம் போட்டது. பத்திரிகைக்கு வேண்டியது போட்டோ. கிழட்டு வண்டி மூச்சு வாங்குகிற போட்டோ, மீசை ஒட்டிக்கொண்டு பாட்டன் காலத்துத் தொப்பி போட்டவர் இறங்கித் தள்ளுகிற போட்டோ. ஜனங்களும் ரோட்டோரம் நின்று கேலி பண்ணினார்கள். ஆங்கிலத்தில் இந்த ஓட்டத்துக்கு விழுந்த பட்டப்பெயரைத் தமிழில் சொல்லணும்னா 'டப்பா வண்டிப் பந்தயம்'தான். அந்தப் பெயர் ரொம்ப வருஷம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஏன் அவ்வளவு சிரிப்பு? அந்தக் கார்களுக்கு அப்போது வயசு என்ன? இருபதில் இருந்து முப்பது. அவ்வளவுதான்! நமக்கு இன்றைக்கு 1990களின் மாருதி 800 எப்படியோ, 1927க்காரனுக்கு அந்த வண்டி அப்படி. ஆனால் நடுவில் காரின் வடிவம் தலைகீழாக மாறிவிட்டது. 1927 மே மாசம் ஃபோர்டின் 'மாடல் டி' உற்பத்தியே நின்றுபோச்சு, ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து முடித்த பிறகு. உலகத்தையே காரில் ஏற்றிய அந்த வண்டியே பழசாகிவிட்ட வருஷத்தில், விளக்கு கொளுத்தி ஓட்டுகிற வண்டியைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எனக்கு இந்த வரலாற்றில் பிடிச்சது இந்த இடம்தான். ஒரு பொருளுக்கு ரொம்ப ஆபத்தான வயசு எதுன்னு கேட்டால், நான் இருபத்தஞ்சு முப்பது என்பேன். அஞ்சு வயசில் அது உபயோகமான பொருள். நூறு வயசில் அது பொக்கிஷம், யாரும் கை வைக்க மாட்டாங்க. நடுவில் அந்த இருபத்தஞ்சு முப்பது இருக்கே, அப்போ அது வெறும் பழசு. ஓட்டினால் கேலி, நிறுத்தினால் இடத்தை அடைக்குது, விற்றால் எடைக்குத்தான் போகும். அந்தக் கண்டத்தைத் தாண்டுகிற பொருள்தான் பிற்பாடு கண்காட்சிக்கு வரும்.

எங்க தெருவில் ஒருத்தர் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இளம் பச்சை, ரெண்டு கதவு. நம்ம மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் செய்த கார். 1960களில் அது வந்து நின்றால் தெருவே வேடிக்கை பார்த்திருக்கும். எனக்குத் தெரிந்து அது ஓடியதே இல்லை. வேப்ப இலை மூடிக் கிடக்கும், உள்ளே பூனை குட்டி போடும், நாங்க கிரிக்கெட் ஆடும்போது அதன் பானெட்தான் பெவிலியன். 1990களின் தொடக்கத்தில் ஒருநாள் மூணு பேர் மீன்பாடி வண்டியோடு வந்து, அங்கேயே வெட்டி, எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க. யாரும் வருத்தப்படலை. இடம் கிடைச்சுதுன்னு சந்தோஷம்தான். அந்த வருஷம் அதுக்கு வயசு இருபத்தஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. இன்றைக்கு அதே வண்டியைத் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்காங்க.

1927ல் இங்கிலாந்திலும் நிலைமை இதேதான். பழைய கார்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே உடைத்து உருக்கப்பட்டாச்சு. மிச்சம் இருந்தவை பெரிய வீட்டுக் குதிரை லாயத்திலும் பண்ணைக் கொட்டகையிலும் கோணி போர்த்திக் கிடந்தன. சிலதில் எஞ்சினை மட்டும் கழற்றி வைக்கோல் வெட்டவும் மரம் அறுக்கவும் வச்சிருந்தாங்க. அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரன் கேலிக்கூத்து நடத்தப் போய், "எங்க தாத்தா லாயத்தில்கூட ஒண்ணு கிடக்கே" என்று நாலு பேர் கோணியைத் தூக்கிப் பார்க்க வச்சிட்டான். அடுத்த வருஷமும் ஓடலாமேன்னு ஆசை வந்தது. ஓடணும்னா ரிப்பேர் பண்ணணும். ரிப்பேர் பண்ணணும்னா உதிரி பாகம் தேடணும். தேடப்போனால் இன்னொரு வண்டி கண்ணில் படும். மரியாதையோடு ஒரு மியூசியம் ஆரம்பிச்சிருந்தால் இவ்வளவு வேகமாக இது நடந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தர் சாம்மி டேவிஸ். இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 'ஆட்டோகார்' பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர், அதே சமயம் பந்தய வீரர். 1927 ஜூனில் பிரான்ஸில் லே மான் 24 மணி நேரப் பந்தயம். வொய்ட் ஹவுஸ் திருப்பத்தில் இருட்டுகிற நேரத்தில் வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று மோதிக் குவிந்தன. பென்ட்லி கம்பெனியின் மூணு கார்களும் அதில் மாட்டின. டேவிஸ் ஓட்டி வந்தது மட்டும் தப்பியது, அதுவும் அச்சு வளைந்து, ஒரு முகப்பு விளக்கு போய். அந்த நொண்டி வண்டியையே அவரும் டாக்டர் பெஞ்சஃபீல்டும் மாறி மாறி ராத்திரி பூரா ஓட்டி, பந்தயத்தை ஜெயிச்சாங்க. லண்டன் சவாய் ஓட்டலில் நடந்த வெற்றி விருந்துக்கு அந்தக் காரையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சேறும் அடியுமாக.

அவ்வளவு வேகமான காரில் ஜெயித்த மனுஷன்தான் 1897ஆம் வருஷத்து லியோன் பொலே மூணு சக்கர வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் பிரைட்டனுக்குப் போனார். அதுக்கு 'பீல்ஸெபப்' என்று பெயர் வச்சிருந்தார். பைபிளில் வரும் பிசாசின் பெயர். ஓட்டிப் பார்த்தவருக்குத்தானே தெரியும்!

இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஒட்டு மீசைக் கூத்து பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. வண்டியை ராப்பகலாகச் சரிசெய்து கொண்டு வருகிறவன், பக்கத்தில் ஒருத்தன் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டு வந்தால் எரிச்சல் ஆவானா மாட்டானா? 1930ல் ஓட்டத்தை நடத்தும் பொறுப்பு ராயல் ஆட்டோமொபைல் கிளப்பிடம் போனது. அந்த வருஷ ஓட்டம் முடிந்து பிரைட்டனில் ஓல்டு ஷிப் ஓட்டலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த டேவிஸும் இன்னும் இரண்டு நண்பர்களும் 'வெட்டரன் கார் கிளப்'பைத் தொடங்கினார்கள். பழைய காருக்காக உலகத்திலேயே முதலில் வந்த சங்கம் அதுதான் என்பார்கள்.

சங்கம் செய்த முக்கியமான வேலை வயசு கணிப்பது. கேட்க எளிது. ஆனால் இந்த வண்டிகளுக்கு ஆர்சி புக்கா இருக்கு? பல கம்பெனிகளே இல்லை. பாதி வண்டிகள் ரெண்டு மூணு வண்டியின் பாகங்களைச் சேர்த்துக் கட்டினவை. அதனால் எஞ்சின் நம்பர், அச்சு, கியர்ப் பெட்டி, பழைய விளம்பரப் படம் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து 'இது இந்த வருஷம்' என்று சான்றிதழ் கொடுக்க ஒரு குழு. நம்ம கல்வெட்டுக்காரங்க எழுத்து வடிவத்தை வச்சு நூற்றாண்டு சொல்ற மாதிரிதான். ஓட்டத்துக்கு ஒரு எல்லையும் போட்டாங்க: 1905 ஜனவரி 1க்கு முன்னால் செய்த வண்டி மட்டும். அந்த எல்லை இன்றுவரை நகரவில்லை. 1904 டிசம்பரில் செய்த காருக்கும் 1905ல் செய்த காருக்கும் வித்தியாசம் என்ன? ஒன்றும் இல்லை. ஆனால் விலையைக் கேட்டுப் பாருங்க. ஒன்று பிரைட்டன் போகலாம், இன்னொன்று போக முடியாது. கணிப்புக் குழுவிடம் சண்டைக்கு நிற்கிறவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று புரியும்.

இதுக்கு நடுவில் ரெண்டாம் உலகப் போர். ஓட்டம் நின்றுபோனது. போருக்கு இரும்பு வேண்டும் என்று பழைய இரும்பை எல்லாம் திரட்டினார்கள், அதில் எத்தனை வண்டிகள் போச்சோ. போர் முடிந்தும் பெட்ரோல் ரேஷன். பிறகு மறுபடி ஓட்டம்.

1945ல் கிழக்கு லண்டனில் ஒரு கட்டுமானக்காரரின் குப்பைக் கிடங்கில் பழைய வண்டிகள் சில குவிந்து கிடந்தன. அதில் டராக் என்கிற பிரெஞ்சுக் கம்பெனியின் கார்கள் ரெண்டு. அந்த ரெண்டையும் சேர்த்து ஒன்றாக்கி எழுப்பின கார்தான் 1953ல் வந்த 'ஜெனிவீவ்' படத்தின் கதாநாயகி. படம் பார்க்காதவங்க தேடிப் பிடிச்சுப் பாருங்க. பிரைட்டன் போய்த் திரும்பி வரும்போது ரெண்டு நண்பர்களுக்குள் வீம்பு வந்து பந்தயம் கட்டுவதுதான் மொத்தக் கதை. காரைவிடப் புருஷனை அதிகம் சகித்துக்கொள்கிற மனைவியாக டைனா ஷெரிடன், எரிச்சலூட்டும் நண்பனாக கென்னத் மோர். கதாநாயகன் ஜான் கிரெக்சனுக்குப் படம் எடுக்கும்போது கார் ஓட்டவே தெரியாது என்பது பிரசித்தமான தமாஷ். பின்னணியில் முழுக்க முழுக்க மவுத் ஆர்கன், லாரி அட்லர் வாசித்தது. அமெரிக்காவில் அப்போது கம்யூனிஸ்ட் வேட்டை நடந்ததால் அங்கே வெளியான பிரதியில் அவர் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

படம் பெரிய வெற்றி. 1927ல் சிரித்ததுக்கும் 1953ல் சிரித்ததுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. முதலில் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தப் படத்தில் வண்டிக்காகப் பைத்தியம் பிடித்து அலைகிற மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறோம், வண்டி மேல் பாசம் வந்துடுது. அதுக்கப்புறம்தான் பழைய கார் வைத்திருப்பது மத்தியதரக் குடும்பங்களுக்கும் ஆசையாகப் பரவியது என்று ஆங்கிலேயர்களே சொல்வார்கள்.

நம்ம நாட்டுக்கு இந்தப் பழக்கம் வந்ததும் ஒரு பத்திரிகை வழியாகத்தான். 1964ல் டில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' ஊர்வலம் ஆரம்பித்தது. அதில் பலமுறை கலந்துகொண்ட ஒரு வண்டி, 1914ல் இங்கிலாந்தில் செய்து ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேக்கு வந்த ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி. டில்லி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் ரயிலை மட்டும் பார்த்துட்டு வந்திடாதீங்க, அதையும் பாருங்க. கோயம்புத்தூரில் 2015ல் திறந்த ஜிடி கார் மியூசியம் இருக்கு, சென்னையில் ஏவிஎம் வளாகத்தில் இருக்கு. 2021ல் மத்திய அரசு பழைய வண்டிக்கென்று தனி விதியே கொண்டுவந்தது: முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டினால் விண்டேஜ், தனி நம்பர் பிளேட்டு, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் அம்பது வயசு வரைக்கும் அதைக் காப்பாற்றி வைக்க வேண்டியது யாரு? வெயில் மழையில் நிறுத்தி வச்சு, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்க, "எப்பதான் இதைக் கொடுத்துத் தொலைப்பீங்க" என்று வீட்டில் பாட்டு வாங்கிக்கொண்டு இருக்கிற அந்த ஒரு ஆள்தான். விதியில் அவருக்கு இடம் இல்லை. கண்காட்சிக்குப் போனால் வண்டியின் குதிரைசக்தியை விசாரிக்கிற நேரத்தில் அவரிடமும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. மட்டறுக்க முடியாத அளவுக்குக் கதை வச்சிருப்பார்.

ஜெனிவீவ் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் போய் ரொம்ப வருஷம் அங்கே இருந்துட்டு, 1990களில் ஐரோப்பா திரும்பியது. இப்போது நெதர்லாந்தில் ஹேக் நகரத்து லூமன் மியூசியத்தில் இருக்கு.

பிரைட்டன் ஓட்டம் இன்னமும் நடக்குது. 2020ல் மட்டும் கொரோனாவால் இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு, சூரியன் உதிக்கிற நேரத்துக்கு லண்டன் ஹைட் பார்க்கில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கும். பாதி வண்டி புகையும், நாலைந்து கிளம்பவே கிளம்பாது. சராசரி வேகம் 20 மைலைத் தாண்டக்கூடாது என்று விதி, தாண்டுகிற நிலைமையில் பெரும்பாலும் யாரும் இல்லை. மேடு வந்தால் இன்னமும் இறங்கித் தள்ளுகிறார்கள். யாரும் ஜெயிப்பதில்லை, மாலை நாலரைக்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி மெடல். கிளம்புவதற்கு முன்னால் மறக்காமல் ஒரு சிவப்புக் கொடியைக் கிழிக்கிறாங்க.